கடம்பு அடம்பான கதை



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நான் அறிந்த ஒரு கருவி" என்று தலைப்புக் கொடுத்தார்கள். எல்லாரும் ராக்கெட், ரோபோ என்று எழுதப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் எங்க அக்கா வைத்திருக்கும் கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். எழுத எழுத நீளமாகப் போய்விட்டது. தமிழ் டீச்சர் பெரிய மனசு பண்ணி ஒரு முழு சார்ட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். உயரம் பத்தாதவங்க கீழ்ப் பாதியை முதலில் படிச்சுராதீங்க. கதை கெட்டுவிடும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்ற பெரியம்மா மகள். சோமனூர்ப் பக்கம் எங்க ஊரில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே காம்பவுண்டு. நடுவில் தறிக்குடோன். அக்காவுக்குப் பிறந்ததில் இருந்தே கண் தெரியாது. விடுதியோடு இருந்த பள்ளியில் படித்துவிட்டு இப்போது கோயமுத்தூரில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். காலையில் பஸ் ஏறி காந்திபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் போவார். துணைக்கு வர்றேன்னு நான் சொன்னால், "உன்னைப் பாத்துக்கறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும் புள்ள" என்பார்.

அக்காவின் பையில் மூன்று சாமான் இருக்கும். ஒன்று பிரெய்ல் சிலேட்டும் குத்துகிற ஊசியும். நம்ம ஒண்ணாப்பு சிலேட்டு இல்லை இது. சின்னச் சின்னச் சன்னல் வைத்த சட்டம். நடுவில் தடித்த பேப்பரை வைத்து, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். ஒரு சன்னலுக்கு ஆறு புள்ளி. இதைக் கண்டுபிடித்த லூயி பிரெய்ல் 1809-இல் பிரான்சில் பிறந்தவர். அவர் அப்பா தோல் வேலை செய்கிறவர். மூன்று வயதில் அப்பாவின் ஊசியை எடுத்து விளையாடும்போது கண்ணில் குத்திக்கொண்டு, பிறகு இரண்டு கண்ணும் போய்விட்டது. அதே மாதிரி ஒரு ஊசியால் குத்துகிற எழுத்தை அவர் 1824-இல் உருவாக்கியபோது அவருக்கு வயது 15. நமக்கு ஒரு வயது மூப்பு, அவ்வளவுதான். நம்ம நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் என்று 1951-இல் வந்தது. தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது.

எனக்கும் அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அ-வுக்கு ஒரே புள்ளி. க-வுக்கு 1, 3. ம-வுக்கு 1, 3, 4. இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. நாம் மெய்யெழுத்துக்குத் தலைமேல் புள்ளி வைக்கிறோம் அல்லவா, பிரெய்லில் அந்தப் புள்ளி எழுத்துக்கு முன்னாடியே வந்துவிடும். இன்னொரு தொல்லை, சிலேட்டில் வலமிருந்து இடமாகக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி குத்த வேண்டும். பேப்பரைத் திருப்பினால்தான் சரியாக வரும். நான் முதல் நாள் "இலை" என்று குத்தும்போது முதல் எழுத்தைத் திருப்பாமல் குத்திவிட்டேன். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "ஏலையா? என்ன புள்ள, ஏலம் போடறயா?" என்று சிரித்தார். இ-யைத் திருப்பிப் போட்டால் ஏ ஆகிவிடும்.

இரண்டாவது சாமான்தான் நான் சொல்ல வந்தது. அதற்கு பிரெய்ல் குறிப்புக் கருவி என்று பெயர். ஒரு கெட்டி நோட்டுப் புத்தகம் அளவு இருக்கும். மேலே புள்ளிக்கு ஒன்றாக ஆறு பித்தானும் நடுவில் இடம் விடுகிற நீளப் பித்தானும் இருக்கும். கீழே 20 கட்டம். நாம் அமுக்க அமுக்க, அந்தக் கட்டங்களில் சின்னச் சின்ன ஊசிமுனைகள் எழும்பி நிற்கும். விரலால் தடவினால் எழுத்து. அடுத்த வரிக்குப் போனால் பழைய புள்ளி எல்லாம் உள்ளே போய்ப் புதுசு வரும். அக்கா உட்கார்ந்து விரலை ஓட்டும்போது கிறுகிறுவென்று ஒரு சத்தம் வரும், பட்டுப்பூச்சி இலை தின்கிற மாதிரி.

இது எப்படி வேலை செய்கிறது என்று நம்ம அறிவியல் சாரிடம் கேட்டேன். கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கினால் உள்ளே இருக்கும் ஒரு வகைப் பீங்கான் நசுங்கி மின்சாரம் வந்து பொறி பறக்கிறது. அதையே திருப்பிச் செய்தால், அதாவது பீங்கான் பட்டைக்கு மின்சாரம் கொடுத்தால், அது லேசாக வளையும். வளைகிற பட்டை ஊசிமுனையைத் தூக்கும். கம்ப்யூட்டருக்காக ஒரு கட்டத்துக்கு எட்டு முனை வைத்திருக்கிறார்கள், தமிழுக்கு ஆறு போதும். 20 கட்டத்துக்கு 160 முனை, 160 பட்டை. அதனால்தான் இந்த மாதிரிக் கருவிகளின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. விலையைக் குறைக்கப் பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் சேர்ந்து முயற்சி செய்து 'ஆர்பிட் ரீடர் 20' என்று ஒன்று வந்திருக்கிறது. அக்காவுடையது அது இல்லை, அதற்கு முந்தின வேறு ஒன்று. ஒரு அறக்கட்டளை படிப்பு முடிகிற வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. ஏற்கெனவே ஒருவர் உபயோகித்தது.

மூன்றாவது செல்போன். உங்கள் வீட்டில் இருக்கிற அதே மாதிரி சாதாரண டச் போன்தான். 2009-இல் ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்', அதே வருஷம் ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' என்று வந்தது. விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாயால் சொல்லும். இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். கல்லூரி கம்ப்யூட்டரில் 'என்விடிஏ' என்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கியது, காசே கிடையாது. சென்னை பெனோ செஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுதாகப் பார்வையில்லாத ஒருவர் அந்தப் பணிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் படித்ததும் 'ஜாஸ்' என்ற பேசும் மென்பொருளை வைத்துத்தான்.

அதனால் எங்க பெரியப்பா கேட்டது நியாயமான கேள்விதான். "போனே எல்லாத்தையும் பேசுது. அப்பறம் எதுக்கு கண்ணு இந்தப் பொட்டி?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. போனை எடுத்து ஏதோ தட்டிப் பெரியப்பா காதில் வைத்தார். போன் "பணி" என்றது. மறுபடி தட்டினார், மறுபடியும் "பனி" என்றது. பெரியப்பா, "ரெண்டு தடவ ஒண்ணையே சொல்லுது" என்றார். "ஒண்ணு வேலைங்கப்பா, இன்னொண்ணு மார்கழில பெய்யறது. பரீட்சைல ரெண்டு சுழியா மூணு சுழியான்னு போன் எனக்குச் சொல்லாது. விரல் சொல்லும்." மரம், மறம் எல்லாமும் அப்படித்தான். காதால் மட்டுமே படித்தால் எழுத்து மறந்துபோகும் என்பது அக்காவின் பயம். பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டு எழுத்து மறந்தால் என்ன ஆவது?

கருவிக்கு வேற நல்ல குணமும் உண்டு. பித்தானைத் தொட்டால் விட்ட இடத்திலேயே திறக்கும். பாடம் நடக்கும்போது சத்தம் போடாது. நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். கரண்ட் போனாலும் நாள் பூராவும் தாங்கும். வந்த புதிதில் நான்கூட நினைத்தேன், போன்தான் சும்மா விழுந்து விழுந்து உடையும், இது கல்லு மாதிரி இருக்கும் என்று.

போன ஆகஸ்ட் மாதம் அக்காவுக்குக் கல்லூரியில் கருத்தரங்கம். எல்லா மாணவரும் ஒரு தலைப்பில் எழுதி வாசிக்க வேண்டும், அதற்கு மார்க்கும் உண்டு. அக்காவின் தலைப்பு "காவல் மரம்". சங்க காலத்தில் ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு மரம் இருக்குமாம். அதைப் பகைவன் வெட்டினால் அரசனே தோற்ற மாதிரி. நன்னன் என்ற மன்னனின் மாமரத்துக் காய் ஆற்றில் மிதந்து வந்தது. அதைத் தெரியாமல் எடுத்துத் தின்ற பெண்ணை அவன் கொன்றுவிட்டான். ஒரு மாங்காய்க்கு! அக்கா இதையெல்லாம் ராத்திரி என்னிடம் சொல்லிச் சொல்லித்தான் கருவியில் அடித்தார். நான் நூலகப் புத்தகத்தை வாசிக்க, அவர் அடிக்க, பத்து நாள் ஆனது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வந்ததும் முகம் சரியில்லை. காபி கூட வேண்டாம் என்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னார். நன்றாகத்தான் போயிருக்கிறது. சேர அரசன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பு மரத்தை வெட்டிய இடம் வந்தது. அக்காவின் விரலுக்கு "அடம்பு" என்று வந்திருக்கிறது. பயத்தில் அப்படியே வாசித்துவிட்டார். பேராசிரியர், "அடம்பு மணல்ல படர்ற கொடியாச்சேம்மா, அது எப்படிக் காவல் மரமாகும்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லையாம். ஆனால் பின்னாடி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொடியை வெட்டக் கோடாலியா என்று ஒருத்தர் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது.

"நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்" என்றார் அக்கா. "எனக்குக் கடம்பு தெரியாதா? விரல் சொன்னா யோசிக்காம படிக்கறதா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ராத்திரி அவர் கட்டுரையை முதலில் இருந்து தடவிப் பார்த்தார். தலைப்பு மனப்பாடம் என்பதால் அதுவரைக்கும் அதன்மேல் விரலையே வைக்கவில்லை. "காவல் சரம்" என்று இருந்தது. அடுத்த வரிக்குப் போய்த் திரும்பி வந்தார். "காவல் மரம்". மறுபடி போய் வந்தார். "காவல் சரம்". என்னைக் கூப்பிட்டு, "புள்ள, ஏழாவது கட்டத்துல இடது பக்கம் கீழ்ப் புள்ளி எழும்புதான்னு பாரு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற முனை எல்லாம் நிற்க, அது மட்டும் பாதியில் நின்றது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். க என்றால் 1, 3. மூன்று எழும்பவில்லை என்றால் வெறும் 1, அது அ. கடம்பு அடம்பாகிவிட்டது. ம என்றால் 1, 3, 4. மூன்று போனால் 1, 4. அது ச. மரம் சரமாகிவிட்டது. அக்கா தப்பே செய்யவில்லை. 160 முனையில் ஒரே ஒரு முனை.

போன் கெட்டால் கெட்டது நமக்குத் தெரியும். பேசாது, எரியாது, அவ்வளவுதான். இது கெட்டதைச் சொல்லாமல் நல்லாப் பேசுகிற மாதிரியே பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் பாதி நேரம்தான் பொய். எனக்கு அதுதான் ரொம்பக் கோபம். அக்காவோ தன்னை நம்புவதா விரலை நம்புவதா என்று அன்று முழுக்கக் குழம்பியிருக்கிறார்.

பேராசிரியரிடம் அடுத்த நாளே போய்ச் சொன்னார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். மார்க் குறையவில்லை. சிரித்தவர்கள் சிரித்தது சிரித்ததுதான்.

கருவியைப் பக்கத்தில் யாரும் கழற்ற முடியாது என்று சொன்னார்கள். வெளியூருக்குப் பார்சல் போட்டோம். போனது போனதுதான், நான்கு மாதம். போவதற்கு முன் உள்ளே இருந்த மெமரி கார்டை எடுத்து வைத்துக்கொண்டோம், அதில்தான் ஒரு வருஷக் குறிப்பு இருந்தது. அதைப் போனில் போட்டால் போன் அந்தத் தமிழை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக நினைத்துக்கொண்டது. "எம், ஆர், அட், எம்" என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "மரம்னு சொல்லுது புள்ள. அட்-ங்கறது மெய்யெழுத்துப் புள்ளி" என்றார். அப்படியே ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, முக்கியமான பாடத்தை மட்டும் சிலேட்டில் குத்தி எடுத்தார். ஒரு பாடத்துக்கு இரண்டு ராத்திரி. விரலில் காய்ப்பு வந்துவிட்டது.

அந்த நான்கு மாதத்தில் போனும் சும்மா இருக்கவில்லை. பஸ்சில் இறங்கும்போது கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. சோமனூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைக்குப் போனோம். கடை அண்ணன், "டிஸ்ப்ளே மாத்தோணுமுங்க" என்றார். அக்கா, "எனக்கு எதுக்குங்க டிஸ்ப்ளே? அதை விட்டுப்போட்டு மத்ததைச் சரி பண்ணுங்க" என்றார். அண்ணன் பாவம், சிரிக்கிறதா வேண்டாமா என்று முழித்தார். டச்சும் டிஸ்ப்ளேயும் ஒரே கண்ணாடியாம், பிரிக்க முடியாது. டீ குடித்து வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் போன் இங்கிலீஷ் மட்டும் பேசுகிறது. தமிழ் வரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. மறுநாள் செமஸ்டர் பரீட்சை. நான் செட்டிங்ஸ் உள்ளே போய்த் தேடித் தேடி, தமிழ்க் குரல் அழிந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்து மறுபடி இறக்கினேன். ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. அதுவரை சிலேட்டில் குத்தின தாளை வைத்துத்தான் அக்கா படித்தார். அது எந்தச் சார்ஜும் கேட்கவில்லை, எந்தக் கடைக்கும் போகவில்லை. ஒரே குறை, அந்தத் தாளெல்லாம் இப்போது பீரோவில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் எது நம்பகமானது என்று என்னைக் கேட்டால், விலையைப் பார்க்காமல், கெட்டால் சரி பண்ணுகிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்க்கச் சொல்வேன். போனுக்கு ஆள் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார். சிலேட்டுக்கு ஆளே தேவையில்லை. அந்தக் கருவிக்கு நம்ம பக்கம் ஒருத்தரும் இல்லை. நம்ம வகுப்பில் பாதிப் பேர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போவேன் என்கிறீர்கள். ஒருத்தராவது இதைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது வருகிறது.

தை மாதம் கருவி திரும்பி வந்தது. சரி பண்ணினவர் போனில் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "மூணு கட்டத்துல எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் சேர்ந்து அடைச்சிருந்ததுங்க. கை கழுவிட்டுத் தொடுங்க, மூடி வைங்க" என்றார். அக்கா, "தறிக்குடோன் பக்கம் வீடு. பஞ்சு பறக்காம இருக்குமா? நான்தான் சரியா மூடி வைக்கல" என்றார்.

அக்கா எப்போதும் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். பஞ்சு பறக்கும் என்றுதான் தறி ஓடும்போது அந்தப் பக்கச் சன்னலைச் சாத்தி, கருவியைத் துணியில் சுற்றி வைப்பார். கருத்தரங்கத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனது நான். குடோனில் தார் போட்டுக்கொண்டிருந்த தோழிகள் இரண்டு பேருக்குக் காட்டுவதற்கு. அப்போது மூன்று பேரும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். அவர்கள் பெயரைப் புள்ளியில் அடித்துக் காட்டினேன், அவர்களும் தடவித் தடவிப் பார்த்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. பாவு நூல் பெட்டி மேல் அரை மணி நேரம் அது திறந்தே கிடந்தது. திரும்ப வைக்கும்போது பாவாடையில் துடைத்துத்தான் வைத்தேன்.

அக்கா சிரிப்பு வாங்கி வந்த அன்றைக்கு எனக்குத் தெரியாது. சரி பண்ணினவர் சொன்ன நிமிஷம் தெரிந்துவிட்டது. பக்கத்திலேயேதான் இருந்தேன். வாய் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

நான் சுவர் இதழுக்கு எழுதுவது அக்காவுக்குத் தெரியும். "முடிச்சுட்டு எனக்குப் படிச்சுக் காட்டு" என்று தினமும் கேட்கிறார். வாயால் படித்தால் இந்தப் பகுதியை நான் முழுங்கிவிடுவேன், எனக்கே தெரியும். இந்தச் சார்ட்டை அக்கா வந்து தொட்டாலும் வழவழவென்றுதான் இருக்கும். அதனால் இதே கட்டுரையைச் சிலேட்டில் குத்திக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்காரப் போகிறேன். தோழிகளே, திங்கட்கிழமை இது சுவரில் ஏறிவிடும். யாரும் எனக்கு முந்திப் போய் அக்காவிடம் சொல்லிராதீங்க.

இதுவரை பதினோரு தாள் ஆகிவிட்டது. நேற்று ராத்திரி "எண்ணெய்" என்ற சொல்லுக்கு வந்து நிற்கிறேன். அதற்கு ஏழு கட்டம் வேண்டும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு